சமூகநீதியும் மனித உரிமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனித உரிமை என்று எதைச் சொல்கிறோம்? அரசு தரும் சலுகைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

மனிதராகப் பிறந்த ஒரே காரணத்தால் ஒவ்வொருவருக்கும் உரியவை மனித உரிமைகள். படிப்பு, சொத்து, நன்னடத்தை என எந்தத் தகுதியையும் நிரூபித்து அவற்றைப் பெற வேண்டியதில்லை. உயிர், உடல் பாதுகாப்பு, சித்திரவதைக்கு ஆளாகாமை, கருத்து, வழிபாடு, நியாயமான விசாரணை, வேலை, கல்வி, உணவு, உறைவிடம், மருத்துவம் என அவை வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களையும் தொடுகின்றன.

சலுகையைத் தருபவர் நினைத்தால் தரலாம், நினைத்தால் நிறுத்தலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று வாங்குபவர் கேட்க முடியாது. உரிமை என்று வந்துவிட்டால், அதற்குக் கடமைப்பட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவரிடம் காரணம் கேட்கவும், அவர் சொல்லும் காரணம் போதாது என்றால் மேலே முறையிடவும், நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறவும் வழி இருக்க வேண்டும். பசித்தவருக்கு ஒருவர் இரங்கி உணவு கொடுப்பது நல்ல செயல். அடுத்த வேளையும் கிடைக்கும் என்று பசித்தவர் தலைநிமிர்ந்து எதிர்பார்க்க முடிவதும், கிடைக்காதபோது பொறுப்பானவரிடம் விளக்கம் கேட்க முடிவதும்தான் உரிமை. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற இந்தக் கேள்வியை விட்டுவிட்டால், மனித உரிமை பற்றிய பேச்சு வெறும் நல்லெண்ணமாகச் சுருங்கிவிடும்.

அப்படியென்றால் சமூகநீதி என்பது வேறொன்றா?

தொடங்கும் இடம் வேறு. இந்த மனிதருக்கு உரியது கிடைத்ததா என்று மனித உரிமை கேட்கிறது. நிலம், கல்வி, வேலை, மதிப்பு, அதிகாரம் ஆகியவை ஒரு சமூகத்தில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகின்றன, ஒரே பிரிவினரே தலைமுறை தலைமுறையாகப் பின்தங்கி நிற்பது ஏன் என்று சமூகநீதி கேட்கிறது.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி நச்சு வாயுவால் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் அவரை இறக்கியது யார், வழக்கு பதிவானதா, குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்ததா என்பவை உரிமை சார்ந்த கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தத் தொட்டிக்குள் இதற்கு முன் இறங்கியவரும், நாளை இறங்கப்போகிறவரும் ஏன் ஒரே சமூகப் பிரிவிலிருந்து வருகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக முடியாமல் எது தடுக்கிறது, அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க இவ்வளவு காலம் ஏன் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை என்று கேட்கும்போதுதான் சமூகநீதிக்குள் நுழைகிறோம். முதல் கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால் இழப்பீட்டுக் காசோலைகள் தொடர்ந்து வழங்கப்படும், இறப்புகளும் தொடரும். இரண்டாவது வகைக் கேள்வியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், இன்று இறந்தவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

ஐ.நா. 1948இல் ஏற்ற உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் 28ஆம் பிரிவு இரண்டையும் இணைக்கிறது. பிரகடனத்தில் சொல்லப்பட்ட உரிமைகளெல்லாம் முழுமையாக நடைமுறைக்கு வரக்கூடிய ஒரு சமூக, சர்வதேச ஒழுங்கைப் பெறுவதே ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்கிறது அது. அதிகம் மேற்கோள் காட்டப்படாத இந்தப் பிரிவையே பிரகடனத்தின் மிகத் துணிச்சலான பகுதியாக நான் கருதுகிறேன்.

இந்த உரிமைகள் எப்போது, யாரால் எழுதப்பட்டன?

ஓர் அரசு தன் குடிமக்களை எப்படி நடத்தினாலும் அது அந்நாட்டின் உள்விவகாரம் என்ற பழைய கொள்கை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைகுலைந்தது. அமெரிக்காவின் எலினோர் ரூஸ்வெல்ட் தலைமையிலான ஐ.நா. மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த பிரகடனத்தை, பாரிஸ் நகரில் கூடிய ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்டது. அப்போதிருந்த 58 உறுப்பு நாடுகளில் 48 ஆதரித்தன. எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை. தென்னாப்பிரிக்கா, சவூதி அரேபியா, சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட 8 நாடுகள் வாக்களிப்பதிலிருந்து விலகி நின்றன.

சமூகநீதியைச் சர்வதேச ஆவணங்களில் பதியவைத்த பணி அதற்கும் முன்பே தொடங்கியது. 1919இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சாசனம், நிலைத்த அமைதி சமூகநீதியின் மீது மட்டுமே எழ முடியும் என்று தன் முகப்பிலேயே கூறுகிறது. உழைப்பு ஒரு விற்பனைச் சரக்கு அல்ல என்று 1944ஆம் ஆண்டு பிலடெல்பியா பிரகடனத்தில் அதே அமைப்பு அறிவித்தது. பிப்ரவரி 20ஆம் நாளை உலக சமூகநீதி நாளாக ஐ.நா. அறிவித்தது 2007இல்தான்.

பிரகடனம் சட்டப்படி அரசுகளைக் கட்டுப்படுத்துமா?

பிரகடனம் தன்னளவில் ஒப்பந்தம் அல்ல. அதன் உள்ளடக்கத்துக்குச் சட்ட வடிவம் தருவதற்காக 1966இல் இரண்டு உடன்படிக்கைகள் ஏற்கப்பட்டு, 1976இல் நடைமுறைக்கு வந்தன. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கானது. மற்றொன்று பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கானது. இனப் பாகுபாடு (1965), பெண்களுக்கு எதிரான பாகுபாடு (1979), சித்திரவதை (1984), குழந்தைகளின் உரிமைகள் (1989), மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் (2006) ஆகியவை பற்றித் தனித்தனி உடன்படிக்கைகள் உள்ளன. ஏற்புறுதி செய்த, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி உறுதியளித்த நாட்டை உடன்படிக்கை கட்டுப்படுத்தும். வெறும் கையெழுத்து போதாது. அமெரிக்கா பொருளாதார உரிமைகளுக்கான உடன்படிக்கையில் 1977இலும், சீனா அரசியல் உரிமைகளுக்கானதில் 1998இலும் கையெழுத்திட்டன. இரண்டும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

மனித உரிமை என்பது மேற்கு நாடுகள் மற்றவர்கள்மீது திணித்த கருத்து அல்லவா?

இந்தக் கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1948இல் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் பல பகுதிகளும் காலனி ஆட்சியில் இருந்தன. அந்த மக்களின் குரல் அந்த அவையில் ஒலிக்கவில்லை. உரிமைகளைப் பேசிய சில அரசுகளே தங்கள் காலனிகளில் அவற்றை மறுத்துவந்தன. இதை மழுப்பத் தேவையில்லை.

ஆனால் பிரகடனத்தை எழுதியவர்கள் மேற்கத்தியர் மட்டுமே என்பது தவறு. சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், சிலியின் எர்னான் சாந்தா குரூஸ், இந்தியாவின் ஹன்சா மேத்தா ஆகியோர் வரைவு விவாதங்களில் முக்கியப் பங்கு வகித்தனர். பொருளாதார, சமூக உரிமைகளுக்காக லத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகள் உறுதியாக வாதாடினர். பின்னர் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் உந்துதலால்தான், இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை 1966ஆம் ஆண்டின் இரண்டு உடன்படிக்கைகளையும் முந்திக்கொண்டு 1965இலேயே உருவானது.

உரிமை அந்நியக் கருத்து என்று சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். காவலில் அடிபட்டவரோ, பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட குழந்தையோ அப்படிச் சொல்வதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் வாயிலிருந்தே அந்த வாதம் வருகிறது.

முதலில் வயிறு நிறையட்டும், பேச்சுச் சுதந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது சரியா?

சரியல்ல. உணவு ஏன் வரவில்லை என்று எழுதவும் கூடிப் பேசவும் முடியாத இடத்தில், பஞ்சத்தை மறைப்பது அரசுக்கு எளிது. படிப்பும் உணவும் இல்லாதவருக்கு வாக்குரிமை இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் வலு குறைவு. உடன்படிக்கைகள் இரண்டாகப் பிரிந்ததற்குப் பனிப்போர்க் கால அரசியல் முக்கியக் காரணம். எல்லா மனித உரிமைகளும் பிரிக்க முடியாதவை, ஒன்றையொன்று சார்ந்தவை என்று 1993ஆம் ஆண்டு வியன்னா மாநாடு அறிவித்தது.

பொருளாதார உரிமைகளைப் ‘படிப்படியாக’ நிறைவேற்றலாம் என்று உடன்படிக்கையே சொல்கிறதே? பணம் இல்லை என்று அரசு தட்டிக்கழிக்கலாமா?

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, தன்னிடமுள்ள வளங்களை உச்ச அளவுக்குப் பயன்படுத்திப் படிப்படியாக முழு நிறைவேற்றத்தை அடையும்படி அரசைக் கேட்கிறது. இதைக் காலவரையின்றித் தள்ளிப்போட அனுமதி என்று படிப்பது பிழை. நடவடிக்கைகளை உடனே தொடங்கியாக வேண்டும். பாகுபாடு காட்டாமல் இருக்கும் கடமை முதல் நாளிலிருந்தே உண்டு, அதற்குப் பணம் ஒரு சாக்கு ஆகாது. அத்தியாவசிய உணவு, அடிப்படை மருத்துவம், தங்குமிடம், தொடக்கக் கல்வி ஆகியவற்றில் ஒரு குறைந்தபட்ச அளவையாவது உறுதிசெய்ய வேண்டும் என்று இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1990இல் விளக்கியது. தொடக்கக் கல்வியைக் கட்டணமின்றித் தர முடியாத நாடு, உடன்படிக்கையில் சேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் அதற்கான விரிவான செயல்திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குரூட்பூம் வழக்கைப் பார்க்கலாம். கேப் டவுனுக்கு அருகே வாலஸ்டீன் என்ற குடிசைப் பகுதியில் தண்ணீர் வசதியும் கழிவுநீர் வசதியும் இல்லாமல் வாழ்ந்த மக்களில் ஒரு பகுதியினர், பக்கத்தில் காலியாகக் கிடந்த தனியார் நிலத்தில் குடிசை போட்டனர். 1999 மே மாதம், குளிர்கால மழை தொடங்கும் நேரத்தில், அந்தக் குடிசைகள் இடித்து எரிக்கப்பட்டன. போக்கிடம் இல்லாத அவர்கள் விளையாட்டுத் திடல் ஒன்றில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கடியில் தங்கினர். ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணின் பெயரை முதன்மையாகக் கொண்டு வழக்குத் தொடரப்பட்டது. அரசிடம் ஒரு வீட்டுவசதித் திட்டம் இருந்தது. பல ஆண்டுகளில் பல லட்சம் வீடுகள் கட்டுவது அதன் நோக்கம். அந்த முயற்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்று இரவு தலைக்குமேல் கூரை இல்லாதவர்களுக்கு அந்தத் திட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லாததால், அது நியாயமான நடவடிக்கை ஆகாது என்று 2000 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் உடனே வீடு கொடு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மிக மோசமான நிலையில் இருப்பவர்களைத் திட்டத்துக்கு வெளியே தள்ளாதே என்று சொன்னது.

உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ள அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்த ஐரீன் குரூட்பூம், 2008இல் முறையான வீடு கிடைக்காமலே இறந்தார். நீதிமன்றம் உரிமையை அறிவித்தது. அதை அவர் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய நிர்வாகத்தை நீதிமன்றம் தன் தொடர் மேற்பார்வையில் வைத்துக்கொள்ளவில்லை. சமூகநீதிக்காக உழைப்பவர்கள் தீர்ப்பு வந்த நாளோடு ஓய்ந்துவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அதுவே சமத்துவம் இல்லையா?

விதி ஒன்றாக இருந்தும் விளைவு ஒருதலைப்பட்சமாக இருக்க முடியும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையத்தில், கறுப்பினத் தொழிலாளர்கள் கடைநிலை உடலுழைப்புப் பிரிவில் மட்டுமே சேர்க்கப்பட்டனர். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த ஊதியம், மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த ஊதியத்தைவிடவும் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965இல் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனம் வெளிப்படையான பாகுபாட்டைக் கைவிட்டது. ஆனால் மேல்பிரிவுகளுக்குச் செல்ல உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ பொது அறிவுத்திறன் தேர்வில் தேர்ச்சியோ வேண்டும் என்று வைத்தது. விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தரம் குறைந்த தனிப் பள்ளிகளில் படிக்க நேர்ந்த கறுப்பின மக்களே அதில் பெருமளவில் வடிகட்டப்பட்டனர். முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர்களோ அந்தச் சான்றிதழ் இல்லாமலே அதே வேலைகளை நன்றாகச் செய்துகொண்டிருந்தனர். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதி ஒரு பிரிவினரை விலக்குமானால், கெட்ட நோக்கம் இல்லாவிட்டாலும் அது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே ஒரு விதியைப் பார்க்கும்போது அதன் வாசகத்தோடு நின்றுவிடாமல், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாடியில் மட்டும் தேர்வு அறை வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் வருபவரிடம் எல்லோருக்கும் இதே அறைதான் என்று சொல்வது சமத்துவம் ஆகாது.

இடஒதுக்கீடு போன்ற சிறப்பு ஏற்பாடுகள் பாகுபாடு ஆகாதா?

ஆகாது என்று சர்வதேச உடன்படிக்கைகளே தெளிவாகச் சொல்கின்றன. இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையின் 1ஆம் பிரிவும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவும், பின்தள்ளப்பட்ட பிரிவினர் சம நிலையை எட்டுவதற்கான சிறப்பு ஏற்பாடுகளைப் பாகுபாடாகக் கருதக் கூடாது என்கின்றன. நோக்கம் நிறைவேறியபின் அவை தொடரக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நிறைவேறிவிட்டதா என்பதை விருப்பு வெறுப்பின்றி, தரவுகளைக் கொண்டு சொல்ல வேண்டும். சாதி முதலிய பிறப்புவழிப் படிநிலைகளும் இனப் பாகுபாட்டு உடன்படிக்கையின் வரம்புக்குள் வரும் என்று அதன் கண்காணிப்புக் குழு 2002இல் விளக்கமளித்துள்ளது.

தகுதி குறைந்துவிடும் என்ற வாதத்தைப் பொறுத்தவரை, தேர்வில் எடுத்த மதிப்பெண் ஒருவரின் உழைப்பை மட்டும் காட்டுவதில்லை. அவருக்குக் கிடைத்த பள்ளி, வீட்டில் இருந்த அமைதி, பெற்றோரின் படிப்பு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இவை எதுவும் கிடைக்காமல் அதே வாசல்வரை வந்துவிட்ட ஒருவரின் திறனை அந்த எண் குறைத்தே காட்டும். அதேசமயம் சமூகநீதி இடஒதுக்கீட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. நில உரிமை, கூலி, பொதுப் பள்ளி, பொது மருத்துவமனை, வன்கொடுமையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைக் கைவிட்டுவிட்டு ஒதுக்கீட்டை மட்டும் காப்பாற்றினால், அந்த இடங்களை எட்டிப்பிடிக்கும் நிலையில் இருப்பவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

உரிமைகளை அரசு கட்டுப்படுத்தலாமா?

சிலவற்றை ஒருபோதும் முடியாது. சித்திரவதைக்கும் அடிமைத்தனத்துக்கும் போரோ அவசரநிலையோ காரணமாகாது. கருத்துரிமை, கூடும் உரிமை போன்றவற்றுக்கு வரம்பு விதிக்கலாம். ஆனால் அந்த வரம்பு சட்டத்தில் இருக்க வேண்டும், ஏற்கத்தக்க நோக்கத்துக்காக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். தேசத்தின் உயிருக்கே ஆபத்து என்று அதிகாரபூர்வமாக அவசரநிலை அறிவித்துச் சில உரிமைகளை இடைநிறுத்தும் அரசு, எவற்றை, ஏன் நிறுத்தியது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் வழியாக மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டது.

கடமையைச் செய்பவருக்குத்தானே உரிமை?

இல்லை. சமூகத்துக்கு ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர் என்று பிரகடனத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையை முடித்தால்தான் உரிமை என்று எங்கும் சொல்லவில்லை. குற்றம் செய்து சிறையில் இருப்பவருக்கும் அடிபடாமல் இருக்கும் உரிமை உண்டு. பச்சிளம் குழந்தைக்கு எந்தக் கடமையும் இல்லை, எல்லா உரிமைகளும் இருக்கின்றன.

அரசு மட்டும்தான் பொறுப்பா? தனியார் நிறுவனங்களுக்குப் பங்கு இல்லையா?

முதன்மைப் பொறுப்பு அரசுடையது. உரிமையை மதிப்பது, அதாவது தானே மீறாமல் இருப்பது. பிறர் மீறாமல் பாதுகாப்பது. இல்லாதவருக்குக் கிடைக்கும்படி நிறைவேற்றுவது என அது மூன்று வகைப்படும். இரண்டாவது கடமையின்படி, தொழிற்சாலையிலும் வீட்டுக்குள்ளும் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கவும் அரசு பொறுப்பாகிறது; கணவன் மனைவியை அடிப்பது குடும்ப விவகாரம் என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பினால், அங்கே அரசே கடமை தவறுகிறது. வணிக நிறுவனங்களும் உரிமைகளை மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரண வழி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் 2011இல் ஏற்றது. அவை கட்டாயச் சட்டம் அல்ல என்பது பெரிய குறை.

நாட்டின் சராசரி வருமானமும் படிப்பறிவும் உயர்ந்தால் சமூகநீதி வந்துவிட்டதாகக் கொள்ளலாமா?

சராசரி உயரும்போதே ஒரு பிரிவு தாழ்ந்துகொண்டிருக்க முடியும். ஆகவே பாலினம், சாதி, இனம், ஊனம், வாழிடம் எனப் பிரித்துத் தரவு கேட்க வேண்டும். கணக்கெடுப்பில் வராத பிரிவினர் திட்டத்திலும் நிதியிலும் வருவதில்லை. கணக்கெடுப்புக் கோரிக்கைகள் பல நாடுகளில் உரிமைப் போராட்டத்தின் பகுதியாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

உரிமை மீறப்பட்டால் எங்கே முறையிடுவது?

முதல் படி எழுத்து. என்ன நடந்தது, எந்த நாளில், எந்த இடத்தில், யார் இருந்தார்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதி வைக்க வேண்டும். மருத்துவச் சான்று, புகைப்படம், கொடுத்த மனுவின் நகல், பெற்ற ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை வரவே இல்லை என்று மறுப்பது எளிது; ஒப்புகை பெற்ற மனுவை அப்படி மறுக்க முடியாது. அதன்பின் உரிய அலுவலகம், காவல்துறை, நீதிமன்றம் ஆகியவற்றையும், நாட்டில் மனித உரிமை ஆணையம் இருந்தால் அதையும் அணுகலாம். இத்தகைய ஆணையங்கள் அரசின் தலையீடின்றி இயங்குவதற்கான அளவுகோல்களைப் பாரிஸ் கொள்கைகள் என்ற பெயரில் ஐ.நா. பொதுச்சபை 1993இல் ஏற்றது.

ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா ஆகியவற்றுக்கு வட்டார மனித உரிமை நீதிமன்றங்கள் உள்ளன; ஆசியா முழுவதற்குமான நீதிமன்றம் இல்லை. தனிமனிதர் முறையீட்டை அனுமதிக்கும் ஏற்பாட்டை (பெரும்பாலும் உடன்படிக்கையோடு இணைந்த கூடுதல் ஒப்பந்தம்) தன் நாடு ஏற்றிருந்தால், உள்நாட்டு வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு ஐ.நா.வின் கண்காணிப்புக் குழுவுக்கு ஒருவர் நேரடியாக எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. மரண தண்டனை, நாடுகடத்தல் போன்று திருப்பிச் சரிசெய்ய முடியாத தீங்கு நெருங்கும் நிலையில், முடிவு வரும்வரை நிறுத்திவைக்கும்படி அரசை அந்தக் குழு கேட்டுக்கொள்ள முடியும். அவசரம் இருந்தால் மனுவின் முதல் பக்கத்திலேயே அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.